முகமூடிக்கு எதிரே கூந்தல்

அந்த மல்யுத்த மேடையின் மூலைக் கம்பம் வீட்டு மர அலமாரி உயரம்கூட இருக்காது என்று செலஸ்தீனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி வாய் மூடவில்லை, பச்சை முகமூடி போட்ட ஒருவன் அதன் உச்சியில் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, கீழே நின்றவன்மேல் அப்படியே விழுந்தான். பலகை அதிர்ந்த சத்தம் மடக்கு நாற்காலியின் கால் வழியாக ஏறி அவள் அடிவயிற்றில் வந்து நின்றது. செத்தான் என்றுதான் நினைத்தாள். அவன் எழுந்து, கோணிப்போன முகமூடியை இழுத்துவிட்டு, மறுபடியும் ஓடினான். சுற்றியிருந்த ஜப்பான்காரர்கள் ஒரே தாளத்தில் கை தட்டினார்கள், பூசையில் பாட்டுக்குத் தட்டுவதுபோல, ஒருவரும் முந்தாமல், ஒருவரும் பிந்தாமல். இல்லை, அலமாரி இதைவிட உயரம்தான். அந்த அலமாரிமேல் ஏறித்தான் மகள் ஜெனோ மெத்தையில் குதிப்பாள், பள்ளிக்கூடம் சேர்க்காத வயசு, பாவாடை தலைக்கு மேலே குடையாக விரியும். சமையல்கட்டிலிருந்து இவள் பதறி ஓடி வருவதற்குள் பிள்ளையின் அப்பா கட்டிலோரம் நின்று, "இன்னொரு குதி, மக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான் குதிக்கச் சொன்னார். முதலில் சொன்னது அவர்தான். அதை ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று எத்தனை தடவை நினைத்திருப்பாள், ஆனால் அவர் முகம் இருந்த இருப்பில், அந்தச் சாப்பாட்டு மேசையில், கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அவர் சொன்னதுதான் வந்து முன்னால் நின்றுகொள்கிறது. அதை இப்போது நினைக்கக் கூடாது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நீலத்திலும் மஞ்சளிலும் கோடுகள். மற்ற நாட்களில் இங்கே பூப்பந்து ஆடுவார்களாம், கால்வாயோரம் இருக்கும் வட்டார விளையாட்டுக் கூடம், ஒசாகாவில் இப்படி நிறைய உண்டு என்று ஜெனோ சொல்லியிருந்தாள். பூப்பந்தே ஆடியிருக்கலாம். பூப்பந்தில் யாருக்குக் கழுத்து உடைந்தது?

கழுத்து. எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. போன வருஷம் நகோயா என்ற ஊரில் ஒரு ஆட்டத்தில் ஜெனோ தலைகீழாக விழுந்தாள். அன்றைக்கு இவளுக்கு அது தெரியாது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது கழுத்தைச் சுற்றித் தடிமனாக எதையோ கட்டியிருந்தாள். என்னட்டி அது என்றதற்கு, "குளிருதும்மா, அதான்" என்றாள். குளிருக்குக் கட்டுகிற துணியா அது, ஆஸ்பத்திரிப் பட்டையா என்று தெரியாதவளிடமா சொன்னாள்? தம்பி ரெஜிஸ் துறைமுகத்தில் கப்பலின் சரக்குக் கிடங்குக்குள் விழுந்த அன்றைக்கு அவன் கழுத்திலும் அதே பட்டைதான், அதே வெள்ளை. அதன்பிறகு வருஷக்கணக்கில் அவனைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் இவள். ஒரு மனுஷனுடைய கை எவ்வளவு கனம் என்பது அவன் அதைத் தூக்கிக்கொடுக்க முடியாமல் போகிற அன்றைக்குத்தான் தெரியும். ஈ உட்கார்ந்தால் அவன் கண்ணால் காட்டுவான், "எக்கா, ஈ" என்பான். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள்தானே ஜெனோ? மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டவள்தானே? அவளே போய் உயரத்தில் ஏறி நின்று தலைகுப்புற விழுகிறாள் என்றால், அது தைரியமா, பயமா, அல்லது மாமா படுத்தே கிடந்ததைப் பார்த்துப் பார்த்து உடம்பு சும்மா இருக்க முடியாமல் போய்விட்டதா? கேட்டால், "அதெல்லாம் இல்லம்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். அவ்வளவுதான் பதில். இயந்திரங்களுக்குப் படம் வரைகிற கம்பெனியில் நல்ல வேலை, அதற்குத்தான் இந்த நாட்டுக்கே வந்தாள். அதை ஒருநாள் விட்டுவிட்டாள், எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

பச்சை முகமூடிக்காரன் ஜெயித்துவிட்டான் போலிருக்கிறது. தோற்றவனும் அவனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் வந்து ரிங்கின் தரைத்துணியைத் துடைத்தார்கள். வியர்வையைத்தான் துடைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்தது ஜெனோ. இன்றைக்குக் கடைசி ஆட்டம் அவளுடையது. காலையில் ரயிலில் வரும்போது, ஏதோ பரீட்சை விவரம் சொல்வதுபோலத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இது மெக்சிகோ நாட்டு மல்யுத்தம்மா, அங்க முகமூடிதான் மரியாதை, சோறு வாங்கப் போனாக்கூடக் கழட்டமாட்டாங்க. இன்னைக்குப் பந்தயம். என் முகமூடி, அவ கூந்தல். மூணு சுத்து. ரெண்டு சுத்து யாரு ஜெயிக்காங்களோ அவங்களுக்கு ஜெயம். அவ தோத்தா அங்கயே வெச்சு அவளுக்கு மொட்டை. நான் தோத்தா அங்கயே முகமூடியக் கழட்டணும். கழட்டி, மைக்ல என் முழுப்பேரு, என்ன ஊரு, எத்தனை வருஷமா ஆடுதேன், எல்லாம் சொல்லணும். அப்புறம் இந்த ஜென்மத்துல முகமூடி போடக் கூடாது. செலஸ்தீனா அவள் பக்கம் திரும்பினாள்.

"பேரா? நம்ம பேரா?"

"வேற யாரு பேரைச் சொல்ல முடியும்?"

"ஊரையுமா?"

"ஊரையும்தான். நெட்ல நேரா ஓடும்மா. எங்கருந்தும் பாக்கலாம்."

"ஏட்டி, இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டுதான் செய்வாங்கன்னு சொல்லுவாங்களே. யாரு ஜெயிக்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஜெனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதை மட்டும் கேக்காதம்மா. அதை யாரும் யார்ட்டயும் சொல்லமாட்டோம்." ஜன்னலைப் பார்த்தபடியே, "ஆனா அடி அடிதான். வலி வலிதான்" என்றாள்.

ஆக, தெரியும். தெரியாமலா இருக்கும்? இல்லை, தெரியாதோ என்னவோ. தெரியும் என்றால், ஜெயிக்கப் போகிறாள் என்று தெரிந்துதான் அம்மாவை இவ்வளவு தூரம் வரவழைத்தாளா? இந்தத் தடவை நீ வரணும்மா, இந்தத் தடவை மட்டும், என்று எத்தனை நாள் போனில் கேட்டாள். ஜெயித்தால் நல்லது. மாதாவே, ஜெயிக்கட்டும். பெயர் வெளியே வரக் கூடாது. அவர் அதைத்தான் சொன்னார், சாப்பாட்டு மேசையில், சத்தம்கூடப் போடாமல். லசார் மச்சாது சத்தம் போட்டே பேசாத மனுஷன், துறைமுகத்து ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் இருந்த காலமெல்லாம் அவர் குரலை யாரும் உயர்ந்து கேட்டதில்லை. "ஜட்டியப் போட்டுக்கிட்டு மேடையில உருளுதாளாம். உருளட்டும். ஆனா மச்சாது வீட்டுப் பிள்ளைன்னு ஒரு வாய்ல வரக் கூடாது. வந்துச்சுன்னா எனக்குப் பிள்ளை இல்ல." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. ஜெனோ போன் போட்டால் இவள் மாடிக்குப் போய்விடுவாள், அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். கூட்டுகிறாரா, குறைக்கிறாரா என்று மாடியிலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறாள். கூட்டத்தான் செய்தார். ஜப்பானுக்குப் புறப்பட்ட அன்றைக்கு டாக்சி வரைக்கும் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். போய்ட்டு வா என்றார். மகளுக்கு என்று ஒரு சொல் இல்லை. கருவாடு வேண்டாமா என்று மட்டும் கேட்டார், யாருக்கு என்று கேட்கவில்லை, யாருக்கு என்று இவளும் சொல்லவில்லை. விமானத்தில் விடமாட்டார்கள் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. யாருக்கென்று ஒரு சொல் கேட்டிருந்தால் என்ன? நானாவது சொல்லியிருந்தால் என்ன?

பக்கத்து நாற்காலியில் ஜெபமாலை உருளும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் பெயர் கொன்சுவேலோ, மெக்சிகோக்காரி, இவள் வயசுதான் இருக்கும், கனத்த உடம்பு, காதில் வளையம். ஜெனோவோடு மோதப் போகிற மாரிசோலின் தாய். மதியம் உடை மாற்றும் அறை வாசலில் ஜெனோதான் அறிமுகம் செய்துவைத்தாள், இவங்களும் உன்னமாதிரிதான்மா, முத முறையா வந்திருக்காங்க. அப்போது அந்த அம்மாள் மகளை ஸ்டூலில் உட்காரவைத்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட முடி! கருகருவென்று, இடுப்புக்குக் கீழே, வாரும் சீப்பு பாதி வழியில் காணாமல் போய்விடுகிற அடர்த்தி. சீப்பால் வாருவதும், முடியை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பதும், மறுபடியும் வாருவதுமாக இருந்தாள். அவளும் மகளிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாளோ? அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்குமோ? மாரிசோல். அந்தப் பெயரில் மாரி இருக்கிறாளே என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. வேளாங்கண்ணியில் ஜெனோவுக்கு மொட்டை போட்டபோது அவள் அழவில்லை, மழித்த தலையில் சந்தனம் தடவியதும் குளுகுளுன்னு இருக்கும்மா என்று சிரித்தாள், இவள்தான் அழுதாள். அது நேர்ச்சை. மாதாவுக்குக் கொடுத்தது. இது யாருக்குக் கொடுப்பது? இத்தனை கூட்டத்துக்கு நடுவில் வயசுக்கு வந்த பெண்ணைக் குனியவைத்து மெஷினை வைத்து… கொன்சுவேலோவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாஷை புரியவில்லை, ஆனால் நடுவில் 'சாந்தா மரியா' என்று வந்த இடம் புரிந்தது. அருள்நிறைந்த மந்திரத்தின் பாதியில் இருக்கிறாள். தன் பையிலும் ஜெபமாலை இருக்கிறது. எடுக்கக் கை போனது, போன கை நின்றது. எடுத்து என்ன கேட்பது? இவள் கேட்டது நடந்தால் நான் கேட்டது நடக்காது. ஒரே மாதா. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் காதையே இரண்டு பக்கமும் இழுத்தால் அவள்தான் யாருக்குத் திரும்புவாள்? கொன்சுவேலோ இவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்ததும் குற்றம் செய்ததுபோல இருந்தது.

விளக்கு அணைந்தது. பாட்டு அலறியது. ரோஜா நிறக் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் மைக்கில் ஒவ்வொரு எழுத்தாக இழுத்து நீட்டி அழைத்தார்: பெ…ர்லா… அசுல்! நீலமும் வெள்ளியும் மினுங்க, மீன்செதிலைப்போலத் தைத்த முகமூடியோடு ஜெனோ ஓடி வந்து கயிற்றைப் பிடித்துத் தாவி உள்ளே போனாள். கூட்டம் எழுந்து நின்று வண்ணக் காகித நாடாக்களை வீசியது. நூறு நாடா, இருநூறு நாடா, நீலம் எல்லாம், காற்றில் சுருள் பிரிந்து அவள்மேல் விழுந்து, மாதா தேரில் தோரணம் தொங்குவதுபோல அவள் தோளில் தொங்கின. பெர்லா அசுல் என்றால் நீல முத்து. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்டதற்கு நான்தான் என்றாள். ஏன் முத்து என்று கேட்கவில்லை. கேட்கவேண்டியதில்லை, முத்துநகர்க்காரியிடம் முத்து ஏன் என்று ஊர்க்காரி கேட்பாளா? ஆக, ஊரை அவள் முகத்திலேயே எழுதித்தான் வைத்திருக்கிறாள், படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இங்கே இல்லை என்ற தைரியம். மச்சாது என்ற பெயரைப் பார்த்துவிட்டு இங்கே எல்லாரும் அவளை மெக்சிகோக்காரி என்றே நினைத்தார்களாம் முதலில். என்றைக்கோ போர்த்துகீசுக்காரன் நம் கடற்கரையில் வந்து கொடுத்துவிட்டுப் போன பெயர், அது இவ்வளவு தூரம் வந்து அவளை அயல்நாட்டுக்காரியின் அயல்நாட்டுக்காரியாக ஆக்கிவிட்டது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். முன்னே என்றால் சிரித்திருப்பார்.

மணி அடித்தது. அதற்குப் பிறகு செலஸ்தீனா பார்த்தது எது, கண்ணை மூடிக்கொண்டு நினைத்தது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மாரிசோல் பெரிய உடம்பு, அறைந்தால் மார்பில் கை பதியும் சத்தம் கூரைவரை போனது. ஜெனோவோ எலும்பும் தோலும், ஆனால் வேகம். அவள் தோளில் ஏறி, அவள் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு சுற்று, எப்படி விழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை, அவளைக் கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டாள். நடுவர் தரையில் மூன்று தடவை அடித்தார். முதல் சுற்று ஜெனோவுக்கு. பக்கத்தில் கொன்சுவேலோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. நல்லது, ஒன்று ஆயிற்று, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று ஜெயித்தால் போதும், பெயரும் உள்ளே இருக்கும், ஊரும் உள்ளே இருக்கும், இவளும் போய் அவரிடம் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு மாடிக்கும் கீழுக்குமாக மிச்ச நாளை ஓட்டிவிடலாம். ஓட்டிவிடலாமா? இன்னும் எத்தனை வருஷம்? அவர் டிவியைக் கூட்டுவதும் இவள் மாடிக்குப் போவதும்? இரண்டாம் சுற்றில் மாரிசோல் அவளைத் தலைகீழாகத் தூக்கினாள். ஜெனோவின் கால் இரண்டும் கூரையைப் பார்த்து நின்றன. அப்படியே நின்றன. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ரெஜிஸ் விழுந்த நேரமும் அதற்குள் வந்து போய்விட்டது. பிறகு கீழே. கழுத்தா, தோளா? கழுத்தா, தோளா? ஜெனோ அசையவில்லை.

"ஏட்டி! ஜெனோ!"

கத்தியது தன் குரல் என்று செலஸ்தீனாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தாள், கைப்பை தரையில் கிடந்தது. பெயர். பெயரைச் சொல்லிவிட்டேனே! சுற்றிப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், அத்தனை கூச்சலில் அது இன்னொரு கூச்சல். நடுவர் மூன்று அடித்துவிட்டார், இரண்டாம் சுற்று போய்விட்டது. ஜெனோ புரண்டு, முழங்காலில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். சாய்கிறது. திரும்புகிறது. கை அசைகிறது, இரண்டு கையும். கொன்சுவேலோ குனிந்து கைப்பையை எடுத்து இவள் மடியில் வைத்து, இவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் ஜெபமாலையும் இருந்தது. மணிகள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுந்தின. வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, இழுத்தால் நான் பகைக்காரி ஆவேன், இழுக்காவிட்டால் நான் யார்?

மூன்றாம் சுற்று. இரண்டு பெண்களும் களைத்துப்போயிருந்தார்கள். அறை வாங்கும்போது இப்போது நடிப்பில்லை, அல்லது அதுவும் நடிப்பு, செலஸ்தீனாவுக்கு அது முக்கியமாக இல்லை. மாரிசோலின் பின்னல் அவிழ்ந்து முகத்தை மறைத்தது, அவள் அதை வாரிப் பின்னால் எறிந்துகொண்டு மோதினாள். ஒரு கட்டத்தில் அவள் கீழே கிடக்க, ஜெனோ மூலைக் கம்பத்தில் ஏறினாள். கயிற்றில் ஒரு கால், அடுத்த கயிற்றில் ஒரு கால், உச்சியில் நிமிர்ந்து நின்றாள். கூட்டம் பெர்லா, பெர்லா என்று தாளமிட்டது. அப்போது ஜெனோ திரும்பினாள். கீழே கிடந்தவளைப் பார்க்கவில்லை. அம்மா இருந்த இரண்டாம் வரிசையைப் பார்த்தாள். முகமூடியின் ஓட்டைக்குள் கண் மட்டும். செலஸ்தீனாவுக்கு அந்தக் கண்ணைத் தெரியும். மணப்பாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, தட்டில் பலகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் அம்மாவை மட்டும் இதே மாதிரி பார்த்தாள். அடுத்த நொடி, எல்லாரும் கேட்க, எனக்கு வேண்டாம் மாமா, மன்னிச்சிருங்க, என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டாள். முடிவு பண்ணி முடித்துவிட்டவளின் பார்வை. அனுமதி கேட்கிற பார்வை இல்லை, இந்தா, விழப்போகிறேன், நீ பக்கத்தில் இருக்கிறாய்தானே என்று பார்க்கிற பார்வை. அப்போதுதான் புரிந்தது. ஜெயிக்கப் போகிறவள் இப்படிப் பார்க்கமாட்டாள். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். தோற்பதற்குத்தான், கழற்றுவதற்குத்தான், இந்தத் தடவை நீ வரணும்மா என்று… தன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போகிற அன்றைக்கு, தனியாக நின்று சொல்ல மனசில்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். ஏட்டி, என்னிடம் சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? வந்திருக்கமாட்டேன். அவருக்குக் காய்ச்சல், ரெஜிஸ் நினைவுப் பூசை, என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவளுக்குத் தெரியும். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெனோ பாய்ந்தாள். மாரிசோல் கடைசி நொடியில் உருண்டு விலகினாள். ஜெனோ வயிறு அடிபட வெறும் தரையில் விழுந்தாள், மாரிசோல் அவளைப் புரட்டிப் போட்டு மேலே சாய்ந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

கொன்சுவேலோ ஓவென்று அழுதாள். மகளின் கூந்தல் தப்பித்தது. அழுதுகொண்டே இவள் முகத்தைப் பார்க்க வந்தவள் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள், கையை மட்டும் விடவில்லை. செலஸ்தீனாதான் மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டு, அவள் முதுகில் ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். ஏன் தடவினாள் என்று தெரியவில்லை. ரிங்கில் ஜெனோ முழங்காலிட்டு, பின்தலையில் கையைக் கொண்டுபோய், முகமூடியின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூடம் அமைதியாகிவிட்டது. இத்தனை பேர் இருக்கும் இடம் இவ்வளவு அமைதியாக முடியுமா? நாற்காலி முனகுவதுகூடக் கேட்டது. முகமூடி வந்துவிட்டது. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது, கன்னத்தில் தையலின் தடம், உதட்டோரம் ரத்தம். முப்பது வயசுப் பெண்ணின் முகம். இவள் மனசில் வைத்திருந்ததைவிட வயசு கூடிய முகம். அதில் அவருடைய மூக்கு. ஜெனோ முகமூடியை இரண்டு கையாலும் மாரிசோலிடம் நீட்டினாள். மாரிசோல் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அறிவிப்பாளர் மைக்கைக் கொண்டுவந்து ஜெனோவின் வாயருகே பிடித்து ஏதோ கேட்டார். கேட்டது பெயர் என்பது செலஸ்தீனாவுக்குத் தெரியும். ஜெனோ வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வயிற்றில் விழுந்த அடியா, அழுகையா? மறுபடியும் திறந்தாள். தோள் குலுங்கியது. அறிவிப்பாளர் பொறுமையாக நின்றார். கூட்டம் காத்திருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் நிற்கிறது, மச்சாது என்கிற சொல். அது யாருடைய சொல் என்று அவளுக்கும் தெரியும்தானே? சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னதை இவள் மகளிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா?

செலஸ்தீனா எழுந்தாள். முதல் வரிசையில் ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார். சேலை கொசுவத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினாள், கயிற்றுக்கு வெளியே நின்றாள், உள்ளே போக அந்தக் கயிறு எப்படித் திறக்கும் என்று தெரியவில்லை. மாரிசோல்தான் ஓடிவந்து ஒரு கயிற்றில் காலை வைத்து அழுத்தி, மேல் கயிற்றைத் தோளால் தூக்கிப் பிடித்தாள். குனிந்து உள்ளே நுழைந்தாள். தரை மெத்தைபோல அமுங்கியது. இவ்வளவுதானா இதன் மெத்து, இதிலா விழுந்தாய் என்று ஒரு கணம் தோன்றியது. அறிவிப்பாளர் இவளைப் பார்த்தார், ஜெனோவைப் பார்த்தார், மைக்கை இவள் பக்கம் நீட்டினார்.

"ஆக்னஸ் ஜெனோவா மச்சாது" என்றாள் செலஸ்தீனா. குரல் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. தன் குரல் இவ்வளவு பெரிதா? "லசார் மச்சாது மக. ஊரு தூத்துக்குடி."

அவர் பெயரை அவள் வாயால் சொல்வது, கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் சொல்லச் சொன்னபோது சொன்னதற்குப் பிறகு, இதுதான் முதல் தடவை. ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவாள். சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. கூட்டம் கை தட்டியது, இப்போது தாளம் இல்லாமல், அவரவர் பாட்டுக்கு. நீல நாடாக்கள் மறுபடியும் பறந்துவந்தன. ஜெனோ அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை வயிற்றில் புதைத்து, சத்தமில்லாமல் அழுதாள். "ஆறு வருஷம்" என்றாள் பிறகு மைக்கில், உடைந்த குரலில், ஜப்பானிய மொழியிலும் இன்னொரு தடவை சொன்னாள். எத்தனை வருஷம் என்பது அம்மாவுக்குத் தெரியாத கணக்கு, அதை அவளே சொல்லத்தான் வேண்டும். ஆறு வருஷமா? வேலையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டாளா? இருக்கட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உடை மாற்றும் அறையில் ஒரு பெண் ஜெனோவின் தோளில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். செலஸ்தீனா மூலையில் நின்று போனை எடுத்தாள். அங்கே இன்னும் மதியம் ஆகியிருக்காது. பூசை முடிந்து வந்து பேப்பரை விரித்திருப்பார். நெட்டில் பார்த்து யாராவது ஓடிப்போய்ச் சொல்வதற்குள், மைனி போன் போட்டு இழுத்து இழுத்துக் கேட்பதற்குள். விரல் அவர் எண்ணுக்கு மேலே நின்றது. வேண்டாமா? ஊருக்குப் போய் நேரில் சொன்னால்? நேரில் சொன்னால் கை கழுவப் போய்விடுவார். அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"ஏங்க, நான்தான். பிள்ளை ஆட்டத்துல தோத்துட்டா. முகமூடியக் கழட்டியாச்சு. பேரும் ஊரும் மைக்ல சொல்லியாச்சு, ஊரே கேக்க. அவ சொல்லல. நான்தான் சொன்னேன். உங்க பேரையும் நான்தான் சொன்னேன். வேற யார் வாய்லருந்தும் உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் நானே சொல்லுதேன்."

அந்தப் பக்கம் தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போவது கேட்டது. வாசல் பக்கம் நிற்கிறார் போலிருக்கிறது. திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். வைத்துவிட்டால் வைத்துவிடட்டும். மீன்காரியின் குரல் தேய்ந்து போனது. அவர் மூச்சு மட்டும் கேட்டது. "நல்லா ஆடுனா" என்றாள் செலஸ்தீனா. பிறகு ரிங்கைப் பற்றி, மாரிசோலைப் பற்றி, கம்பத்து உச்சியில் பிள்ளை நின்ற நிலையைப் பற்றி, நாடாக்களைப் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, நிறுத்தாமல், யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை என்று தோன்றும் அளவுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடித்ததும் வைத்தாள்.

ஜெனோ தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள்.

"யாருட்டம்மா பேசுன? அப்பாவா?"

"ஆமா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் செலஸ்தீனா. "கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு."